பாதியில் நிற்கும் விமான மாடலை முடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் பிளாஸ்டிக் விமான மாடல் செய்து முடிக்கிறவர்கள் கொஞ்சம்தான். பாதி செய்து அலமாரி மேல் போட்டு வைத்தவர்கள் நிறைய. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைக் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாம் அசல் விமானத்தில் 72-ல் ஒரு பங்கு, 48-ல் ஒரு பங்கு (1/72, 1/48) அளவில், பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கிட்களைப் பற்றியவை. பால்சா மரத்தில் செய்து பறக்கவிடும் விமானத்துக்கு இவை பொருந்தாது.

அண்ணே, பெட்டி பத்துப் பன்னெண்டு வருசமா ஸ்டோர்ல கெடக்கு. பிளாஸ்டிக் கெட்டுப் போயிருக்குமா?

பாலிஸ்டைரீன் சும்மா கிடந்து கெடாது. நாற்பது வருடப் பழைய கிட்டும் நன்றாக ஒட்டும். கெடுவதெல்லாம் அதோடு கூட இருப்பவை: டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிகளும் எழுத்தும்), பசை, பெயிண்ட், மெத்தென்ற டயர். வினைல் டயரில் இருக்கும் எண்ணெய்ப் பசை மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். டயரைச் சக்கரத்தில் மாட்டி வைத்திருந்தால் முதலில் கழற்றிப் பாருங்கள்.

கரப்பான் வராமல் இருக்க வீட்டில் யாராவது பெட்டிக்குள் அந்துருண்டை போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். நாஃப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். உருண்டை பட்ட இடம் குழிந்தே போயிருக்கும்.

எங்கேர்ந்து தொடங்குறதுன்னே தெரியல. எல்லாம் கலந்து கெடக்கு.

முதலில் எதில் நின்றது என்று பாருங்கள். கிட் சும்மா நிற்பதில்லை. இரண்டு பாதி சேரும் இடத்தில் இணைப்புக் கோடு போகவில்லை, ஒரு பாகம் தொலைந்தது, பெயிண்ட் சொதப்பியது, டெக்கால் உடைந்தது என்று பெரும்பாலும் ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒன்றைத் தீர்த்தால் மீதி ஓடிவிடும். அதை விட்டுவிட்டு, 'இப்போ கை தேறிடுச்சு, காக்பிட்டை முதலிலிருந்து செய்வோம்' என்று பிரிக்க ஆரம்பித்தால் இன்னும் பத்து வருடம் ஆகும்.

பிறகு விளக்கத்தாளை விரித்து, ஒட்டி முடித்த பாகங்களின் எண்ணை அதில் பென்சிலால் கோடிட்டு அடியுங்கள். பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் இருந்து கழன்று கிடப்பவற்றை எண் பார்த்து, ஐஸ்கிரீம் டப்பாவிலோ மாத்திரை டப்பாவிலோ படி வாரியாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அச்சு எண்ணெய், தூசி, கைப்பிசுக்கு மூன்றும் போகும். கழுவாமல் அடித்த பெயிண்ட், நிறம் படாமல் மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். டெக்கால் தாளை மட்டும் முன்கூட்டியே எடுத்து உலர்ந்த பையில் வைத்துவிடுங்கள்.

பழைய பசை, பெயிண்ட் எல்லாம் தூக்கிப் போடணுமா?

டியூபில் வரும் கெட்டிப் பசையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற தண்ணீர்ப் பசை (தண்ணீர் மாதிரி ஓடும் பிளாஸ்டிக் பசை) மூடி இறுக்கமாக இருந்தால் அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் ஆவியாகி பாட்டில் காலியாக இருக்கும். நடுவில் ஒரு நிலை கிடையாது. சூப்பர் குளூ நம் ஈரக்காற்றில் சீக்கிரம் கெட்டியாகிவிடும். ஹார்ட்வேர் கடையில் 'கம் காஜா' என்று கேட்டுச் சின்ன டியூபாக வாங்கி, மிச்சத்தைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே வியர்த்து உறைந்துவிடும்.

தமியா அக்ரிலிக் பெயிண்ட் பாகு மாதிரி இருந்தால் எக்ஸ்-20ஏ தின்னர் சில சொட்டு விட்டு ஒரு நாள் வைத்துக் கலக்கினால் உயிர் வரும். ரப்பர் துண்டு மாதிரி திரண்டிருந்தால் வராது. ஹம்ப்ரால் எனாமல் டின்னில் மேலே ஆடை மட்டும் கட்டியிருந்தால் அதை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்தலாம். ஆடையை உடைத்துக் கலக்கினால் திட்டுத்திட்டாக வரும்.

இங்க சாமான் எங்க கிடைக்கும்? எல்லாத்துக்கும் பினாங்கு ஓடணுமா?

மாடல் பெயிண்ட், தண்ணீர்ப் பசை, டெக்கால் திரவம் மூன்றுக்கும் பினாங்கு அல்லது ஆன்லைன். மற்றதெல்லாம் டவுனிலேயே இருக்கிறது. நனைத்துத் தேய்க்கும் சேண்ட் பேப்பர் 400, 600, 1000, 2000 நம்பர்கள் ஹார்ட்வேர் கடையிலும் கார் பெயிண்ட் கடையிலும் கிடைக்கும், 'கெர்தாஸ் பாசிர்' என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஃபார்மசியில். ஈயக் குண்டு தூண்டில் கடையில். ஒரு எச்சரிக்கை: ஹார்ட்வேர் கடைத் தின்னரைத் தூரிகையும் ஏர்பிரஷ்ஷும் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நகப்பாலீஷ் நீக்கியும் அதுவும் மாடல் மேல் பட்டால் பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

இறக்கை வளைஞ்சு போச்சு. நிமித்த முடியுமா?

முடியும். இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் சுமார் 70–75 டிகிரி வரும். அதில் வளைந்த பகுதியை அரை நிமிடம் முக்கி, எடுத்து, எதிர்ப்பக்கமாக ஒரு சொட்டு கூடுதலாக வளைத்துப் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். போதவில்லை என்றால் திரும்பச் செய்யலாம். நேரடிக் கொதிநீர் வேண்டாம், மெல்லிய ஓரங்கள் அலையலையாகச் சுருங்கும். கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் பாகத்தில் இதைச் செய்யவே கூடாது.

கோணலா ஒட்டிட்டேன். இப்போ பிரிக்கலாமா?

எந்தப் பசை என்பதைப் பொறுத்தது. சூப்பர் குளூ என்றால் பையில் போட்டு இரண்டு மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். குளிரில் அது நொறுங்கும் தன்மைக்கு வந்து, இணைப்பில் மெல்லத் திருகினால் டக்கென்று விட்டுவிடும். பிளாஸ்டிக் பசை அப்படி இல்லை. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டது, அதனால் மெல்லிய ரம்பத்தால் கோட்டோடு அறுப்பதுதான் வழி. அறுத்தால் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் போய்விடும், பிறகு அதை நிரப்ப வேண்டும். வால் பக்க இறக்கை ஓரிரு டிகிரி சாய்ந்திருந்தால் நாங்கள் அறுக்கச் சொல்ல மாட்டோம். முன்னாலிருந்து பார்க்கும்போது பிரதான இறக்கைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் மட்டும் அறுங்கள், அது கண்ணை உறுத்தும்.

எத்தனை தடவ புட்டி வெச்சாலும் அந்த இணைப்புக் கோடு திரும்பத் தெரியுது. இதுலதான் வெறுத்துப் போயி வெச்சுட்டேன்.

நின்று போன கிட்களில் பாதிக்கு மேல் இங்கேதான் நிற்கின்றன. பள்ளம் நிரப்பும் டியூப் புட்டியில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது புட்டி சுருங்கும். மேல்பக்கம் ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும், தடிமனாக வைத்திருந்தால் உள்ளே நாள்கணக்கில் ஈரம் இருக்கும். அதற்குள் தேய்த்துச் சமமாக்கிப் பெயிண்டும் அடித்துவிடுகிறோம். பிறகு அது மெல்ல உள்ளே இறங்கும்போது கோடு மறுபடி எழுகிறது. உங்கள் கிட் வருடக்கணக்காகக் கிடந்ததில் ஒரு லாபம், பழைய புட்டி சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்துவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க வேண்டாம். மேலே நிரப்பினால் போதும்.

நிரப்புவதற்கு சூப்பர் குளூவோடு குழந்தைப் பவுடர். பழைய பிளாஸ்டிக் மூடியில் ஐந்தாறு சொட்டுப் பசை விட்டு, ஏறக்குறைய அதே அளவு பவுடரைக் குச்சியால் குழைத்தால் தோசை மாவுப் பதம் வரும். கோட்டின் மேல் மெல்லிய வரியாக இழுங்கள். இது சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, தேய்க்கும்போது பக்கத்துப் பிளாஸ்டிக் மட்டும் குறைந்து கோடு மேடாக நிற்கும். பவுடர் சேர்ப்பதே அந்தக் கெட்டியைக் குறைக்கத்தான்.

400 நம்பர் தாளை ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கத் தொடங்கி 600, 1000 என்று போங்கள். விரலில் சுற்றித் தேய்த்தால் வளைவு தட்டையாகும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெள்ளி நிறத்தை அந்த இடத்தில் மட்டும் மெல்லப் பூசுங்கள், மயிரிழைப் பள்ளமும் காட்டிக்கொடுக்கும். விரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் தடுக்கவும் கூடாது. தேய்த்ததில் அழிந்த பேனல் கோட்டை (விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பள்ளக் கோடு), கெட்டியான டேப்பை ஓரமாக ஒட்டி, தையல் ஊசியால் அழுத்தாமல் நாலைந்து முறை இழுத்து மீட்கலாம். வயிற்றுப் பக்கக் கோட்டுக்காக இவ்வளவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு முறை நிரப்பித் தேய்த்துவிட்டு மேலே போங்கள்.

ஒரு சின்னப் பாகத்தைக் காணோம். கம்பெனிக்கு எழுதணுமா?

முதலில் ஸ்டோர் தரையை டார்ச்சைப் படுக்க வைத்து, வெளிச்சம் தரையோடு போகும்படி பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் செய்துவிடலாம். இரண்டு பக்கமும் இருக்கிற பாகத்தில் ஒன்று தொலைந்தால் மற்றதை அளவெடுக்க வைத்துக்கொள்ளுங்கள். பிட்டோ குழாய் (வேகம் அளக்க வெளியே நீட்டியிருக்கும் குழாய்), சக்கரக் கால் தாங்கும் கம்பி போன்றவற்றுக்கு ஊசியோ, சட்டத்துப் பிளாஸ்டிக்கோ போதும். சட்டத்துத் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே உருட்டிக்கொண்டே காட்டி, தொய்ந்ததும் எடுத்து இழுத்தால் நூல் மாதிரி நீளும். ஏரியல் கம்பியும் அதுதான். சக்கரக் கதவு போன்ற தட்டைப் பாகத்துக்கு அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று அச்சிட்ட டப்பாவை வெட்டிக்கொள்ளுங்கள். அது பாலிஸ்டைரீன், மாடல் பசையிலேயே ஒட்டும். 5 என்று இருந்தால் பாலிப்ரோப்பிலீன், அதில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது.

மழைக்காலத்துல பெயிண்ட் அடிச்சா வெள்ளையா பூத்துப்போகுது. ஏண்ணே?

லாக்கர் பெயிண்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிரில் நீராகப் படிந்து, படலத்துக்குள் மாட்டி வெள்ளையாகத் தெரிகிறது. ஸ்பிரே டப்பாவிலும், நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட்டிலும் இது அதிகம். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் இந்தத் தொல்லை குறைவு. செப்டம்பர், அக்டோபர் மழையில், தீபாவளிக்கு முன் முடித்துவிடலாம் என்று உட்காருகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

மழைக்காலத்தில் வெயில் ஏறிய பிறகு, காலை 11 மணியிலிருந்து மதியம் மேகம் கூடுவதற்குள் அடியுங்கள். அந்தி நேரம் வேண்டவே வேண்டாம். ஈரம் கூடுவதோடு, மழை விட்ட மாலையில் விளக்குக்கு வரும் ஈசல் நேராக ஈரப் பெயிண்டில்தான் இறங்கும். ஏர்பிரஷ் இருந்தால் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் சேருங்கள், அதில் ஆவியாவதைத் தாமதப்படுத்தும் பொருள் இருக்கிறது. காற்று அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ, கம்ப்ரசர் டாங்கித் தண்ணீரை ஒவ்வொரு முறையும் வடித்துவிடுங்கள். அடித்ததை மூடியுள்ள பெரிய அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து மூடினால் தூசியும் படாது. முகமூடியும் திறந்த ஜன்னலும் கட்டாயம். அடுப்பு இருக்கும் இடத்தில் அடிக்காதீர்கள்.

ஏற்கெனவே பூத்திருந்தால், வெயிலான நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மிக மெல்லியதாக ஒரு தடவை தூவினால் படலம் லேசாகக் கரைந்து ஈரம் வெளியேறும். தொட்டால் மாவு மாதிரி இருந்தால் காரணம் ஈரமில்லை. தூரத்திலிருந்து அடித்ததில் பெயிண்ட் வழியிலேயே காய்ந்துவிட்டது, அல்லது மேட் (பளபளப்பில்லாத) கிளியரைச் சரியாகக் குலுக்கவில்லை. அதன் மேல் பளபளப்புக் கிளியர் அடித்து, காய்ந்ததும் மறுபடி மேட் அடித்தால் நிறம் திரும்பும்.

பாதிதான் பெயிண்ட் அடிச்சிருக்கு. மேல எந்தப் பெயிண்ட் வேணாலும் அடிக்கலாமா?

இல்லை. பழையது எனாமல் என்றால் அதன் மேல் லாக்கர் அடிக்காதீர்கள், தோல் சுருங்குவது போலச் சுருங்கும். எனாமல் மேல் தமியா அக்ரிலிக்கை எக்ஸ்-20ஏ கலந்து அடிக்கலாம். எது என்று தெரியவில்லையென்றால், வயிற்றுப் பக்கத்தில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் அக்ரிலிக்காகத்தான் இருக்கும்.

அதே நம்பர் புதுப் பாட்டில் வாங்கினாலும் பழைய பூச்சோடு நிறம் ஒத்துப்போகாது. விட்ட இடத்தை மட்டும் ஒட்டுப்போடாமல், அந்த நிறம் வரும் பகுதி முழுவதையும் ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். தூரிகைக் கோடு தெரிந்தால் முதலில் 1000 நம்பர் தாளால் நனைத்துத் தேய்த்துவிடுங்கள். முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றால் அக்ரிலிக்குக்கு ஆல்கஹாலில் அரை மணி நேர ஊறலும் பல்துலக்கியும் போதும்.

கண்ணாடி மூடி புகை படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

சூப்பர் குளூ ஆவிதான் காரணம், ஈரக்காற்றில் இன்னும் மோசம். வெளிப்பக்கம் என்றால் 2000 நம்பர் தாளில் நனைத்துத் தேய்த்து, பிறகு பாலீஷ் பசையோ பற்பசையோ வைத்துப் பருத்தித் துணியால் வட்டமாகத் தேயுங்கள். கடைசியில் தமியா எக்ஸ்-22 போன்ற கிளியரை மெல்லப் பூசினால் தெளியும். உள்பக்கம் என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும், மேலே சொன்ன ஃபிரீசர் வழியைப் பாருங்கள். திரும்ப ஒட்டும்போது பள்ளிக்கூட வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் தெரியாது, தவறினால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

வருடக்கணக்காக ஒட்டிக் கிடந்த மாஸ்கிங் டேப்பின் பிசின் போகவில்லையென்றால், சமையல் எண்ணெயில் தொட்ட காது குச்சியால் உருட்டி எடுத்து, உடனே சோப்பு நீரில் கழுவிவிடுங்கள்.

டெக்கால் மஞ்சளாயிடுச்சு, தண்ணியில போட்டதும் துண்டு துண்டா போகுது.

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. தாளை ஜிப் பையில் போட்டு, படம் வெளியே பார்க்க, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும், சிலதுக்கு மூன்று வாரம். சிவப்பு வெளுக்கிறதா என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். பூஞ்சைப் புள்ளி விழுந்திருந்தால் அது வெயிலுக்குப் போகாது.

உடைவதற்குக் காரணம், மேலிருக்கும் வார்னிஷ் படலம் காய்ந்து விரிசல் விட்டிருப்பது. எடுத்ததும் தேவையான டெக்காலைத் தண்ணீரில் போடாதீர்கள். வேண்டாத ஒரு சின்ன எழுத்தை வெட்டி முதலில் சோதியுங்கள். உடைந்தால் தாள் முழுவதற்கும் மைக்ரோஸ்கேல் லிக்விட் டெக்கால் ஃபிலிம் ஒரு பூச்சு, அல்லது கிளியர் லாக்கர் இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்து ஒரு நாள் காயவிடுங்கள். இப்போது தாள் முழுக்க ஒரே படலம் என்பதால் ஒவ்வொன்றையும் படத்தின் ஓரத்தை ஒட்டிப் புது பிளேடால் வெட்ட வேண்டும்.

ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி மாதிரி மின்னும். கிளியர் அடித்து, மழைக்காலத்தில் இரண்டு நாள் விட்ட பிறகு ஒட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் 15 விநாடி, பிறகு டிஷ்யூவில் ஒரு நிமிடம், தானாக நகர ஆரம்பித்ததும் தூரிகையால் தள்ளுங்கள். பழைய டெக்காலின் பசை செத்திருக்கும் என்பதால் அடியில் மைக்ரோ செட் என்ற டெக்கால் திரவத்தைத் தடவுங்கள். ஒட்டியபின் மேலே தடவும் மைக்ரோ சால், டெக்காலை இளக்கிப் படியவைக்கும் திரவம்; அது பட்டதும் டெக்கால் சுருங்கிப் பயமுறுத்தும். கை வைக்காமல் விட்டால் படிந்துவிடும்.

உடம்பை ஒட்டினப்புறம்தான் பாத்தேன், மூக்குல வெயிட் போடணும்னு இருக்கு. பின்பக்கம் உக்காருது.

பி-38, பி-25 மாதிரி மூக்குச் சக்கரம் உள்ளவற்றில் இது சகஜம். மூக்குச் சக்கரம் மடங்கும் குழிக்குள் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, சின்ன ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக விட்டு, எப்பாக்சிப் பசை ஊற்றி மூக்கைக் கீழே வைத்துக் காயவிடுங்கள். எவ்வளவு என்பதற்குக் குண்டுகளைப் பையில் கட்டி மூக்கின் வெளியே டேப்பால் ஒட்டிப் பாருங்கள், நின்றதும் இரண்டு மூன்று கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். ஈயத்தை வெள்ளைப் பசையால் ஒட்டக்கூடாது. வருடங்கள் போகப் போக ஈயம் அரித்து உப்பி, மூக்கையே பிளந்துவிடும். ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

என்கிட்ட இருக்கறது பஃபலோ போர் விமானம். 1941-ல நம்ம சுங்கைப்பட்டாணியில நின்னதாமே, அப்படியே செய்யலாமா?

செய்யலாம். 1941 டிசம்பர் 8 காலை ஜப்பானியர் குண்டு போட்டபோது சுங்கைப்பட்டாணி விமானத் தளத்தில் ஆஸ்திரேலியாவின் 21-வது ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) பஃபலோக்களோடு இருந்தது. பெட்டியில் பி-339 என்று இருக்கிறதா பாருங்கள். எஃப்2ஏ-3 என்றிருந்தால் அது அமெரிக்கக் கடற்படையின் பிந்தைய வகை, மூக்கு நீளமே வேறு. மேல்பக்கம் கரும்பச்சையும் மண்ணிறமும், தமியாவில் எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-52 நெருங்கி வரும்.

எந்த ஸ்குவாட்ரன் என்று காட்ட உடலில் எழுதும் குறியெழுத்தில் கவனம் வேண்டும். டபிள்யூபி 243-வது ஸ்குவாட்ரன், என்எஃப் நியூசிலாந்தின் 488, இரண்டும் சிங்கப்பூர் காலாங்கில் இருந்தவை. டிடி ஆஸ்திரேலியாவின் 453, செம்பவாங்கிலிருந்து பிறகு ஈப்போவுக்கு வந்தது. இவற்றை ஒட்டிவிட்டு 'சுங்கைப்பட்டாணி விமானம்' என்று பலகை வைக்காதீர்கள். எந்த நாட்டு விமானம் என்று காட்டும் வட்டக்குறியில் சிவப்பு இருக்க வேண்டும். சிவப்பில்லாத நீலக் குறி பிற்காலத்தது, அதற்குள் மலாயாவில் பஃபலோவே இல்லை.

இது எங்க மாமா தொடங்கினது. அவரு இப்ப இல்ல. அவரு அடிச்ச பெயிண்ட்டை எடுத்துட்டு அடிக்கலாமா?

அவர் முடித்த பகுதி சோப்பு நீர்க் கழுவலைத் தாங்கினால் அப்படியே விடச் சொல்வோம். காக்பிட், இஞ்சின் மாதிரி உள்ளே போகும் பகுதிகளைத் தொடாமல், வெளியே மட்டும் நீங்கள் அடியுங்கள். நிறம் கொஞ்சம் தப்பாக இருக்கிறது என்பது அழிப்பதற்குப் போதுமான காரணம் இல்லை. பெயிண்ட் உரிந்து செதில் எழும்பியிருந்தால் மட்டும் எடுங்கள், எடுப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்கிறவர்கள் வருவார்கள்.

முடிச்சாச்சு. பல்லி, தூசி எல்லாத்துலேர்ந்தும் எப்படிக் காப்பாத்துறது?

அக்ரிலிக் பெட்டிதான். 1/48 பஃபலோவின் இறக்கை 22 சென்டிமீட்டர் வரும், பக்கத்துக்கு 3 சென்டிமீட்டர் விட்டுப் பெட்டி வாங்குங்கள். ஜிங் தகரக் கூரைக்கு நேர் கீழே, நேர் வெயில் படும் அலமாரியில் வைத்தால் இறக்கை தொங்கும், டெக்கால் விரியும். பல்லி எச்சம் விழுந்தால் அன்றே ஈரக் காது குச்சியால் எடுங்கள், காய்ந்தால் மேட் பூச்சில் வெள்ளைத் தழும்பு நிற்கும். பூச்சி ஸ்பிரேயை மாடல் பக்கத்தில் அடிக்காதீர்கள், அதன் கரைப்பான் கண்ணாடிப் பாகத்தை மங்கவைக்கும்.

வீடு மாறும்போது மாடலைத் துணியில் சுற்றுவதுதான் பெரிய தப்பு, ஏரியலும் பிட்டோ குழாயும் நூலில் மாட்டி உடையும். அட்டைப் பெட்டியின் அடியில் மெத்தைப் பஞ்சு ஒட்டி, சக்கரங்களுக்குக் குழி வெட்டி உட்காரவைத்து, உடல்பகுதியின் குறுக்கே மட்டும் பஞ்சு வைத்த அட்டைப்பட்டையால் பிடியுங்கள். இறக்கை நுனியும் வாலும் எதையும் தொடாமல் இருக்கட்டும். காரில் போனால் பெட்டியை முன் சீட்டின் கால் வைக்கும் தரையில் வையுங்கள், பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் வேண்டாம்.